ஆயில் கேனுக்கு வைத்த பொட்டு

எத்திராஜ் எங்கள் பஸ்ஸுக்கு ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கையில் ருத்திராட்ச மாலை. வாயில் கற்பகாம்பாள் பேர். கண் மட்டும் எத்திராஜின் கையை விட்டு நகரவில்லை. கேன் மூடியை அவன் திருகும்போது சீல் உடைகிற சத்தம் கேட்கிறதா என்று காதையும் தீட்டி வைத்திருந்தேன்.

கேட்டது. ஆனாலும் மனசு அடங்கவில்லை.

"இன்னா அண்ணி," என்றான் அவன், புனலிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாலைய உருட்டிகினு என்னியவே பாத்துகினு கீற. சாமி உன் கையில கீதா, என் கையில கீதா?"

"உன் கையில என்ன இருக்குன்னுதான் பார்க்கிறேன்."

அவன் சிரித்தான். டிரைவர் சீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். பஸ் ஓட்டுகிறவர் அவர். நானும் எத்திராஜும் பேச ஆரம்பித்தால் அவருக்குத் திடீரென்று உலகச் செய்தி எல்லாம் தேவைப்படும்.

நொச்சிக்குப்பம் தாண்டி, சாலை ஓரமாகத்தான் எங்கள் பஸ் நிற்கும். காலை நேரம். கொஞ்சம் தள்ளி மீன் பேரம் நடந்துகொண்டிருந்தது. உப்புக்காற்றில் ஆயில் வாசனையும் மீன் வாசனையும் கலந்து அடித்தது.

எத்திராஜ் எங்கள் மெக்கானிக். எங்கள் பஸ்ஸைப் போல அவனுக்குத் தெரிந்தது வேறெதுவும் இல்லை. அவனைப் போல நான் சந்தேகப்பட்டதும் அந்த நாட்களில் வேறு யாரையும் இல்லை.

முள்

பஸ் எங்களிடம் வந்த விதம் ஒரு தனிக் கதை. காலையிலும் மாலையிலும் அடையாறு பக்கம் ஒரு கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும். சனி, ஞாயிறிலும் நீண்ட விடுமுறைகளிலும் கோயில் யாத்திரை. பழைய டீசல் பஸ். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த இன்ஜின் ஓடுவதால்தான்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சின்ன வட்டக் கண்ணாடிக்குள் ஒரு முள் இருக்கிறது. இன்ஜினுக்குள் ஆயில் நல்ல அழுத்தத்தோடு ஓடுகிறதா என்று அது காட்டும். அது விழுந்தால் உள்ளே இரும்பும் இரும்பும் உரசும். உரசினால் சூடாகும். சூடானால் இன்ஜின் இறுகிப் போகும். அப்புறம் இந்தப் பழைய பஸ்ஸை எடைக்குத்தான் போட வேண்டும்.

யாத்திரைக்குப் போகும்போது நான் முன் சீட்டில் உட்காருவேன். பின்னால் பெண்கள் பஜனை பாடுவார்கள். ஒரு தடவை மாமண்டூர் தாண்டி டீக்கடையில் வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. முள் மெதுவாகச் சாய்ந்து, தூக்கம் வந்தவன் தலை மாதிரி கீழே படுத்தது.

"என்னங்க இது" என்றேன்.

"பார்க்காதே" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு எந்தச் சங்கடத்துக்கும் அதுதான் மருந்து.

பாட்டு நிற்கவில்லை. எனக்கு மட்டும் அதற்கப்புறம் ஒரு அடிகூட வாயில் வரவில்லை.

புது ஸ்கூட்டர்

இங்கிருந்து கொஞ்சம் பின்னே போக வேண்டும்.

முன்பெல்லாம் ஆயில், ஆயில் பில்டர், டீசல் பில்டர், ஏர் பில்டர் எல்லாவற்றையும் எத்திராஜே வாங்கி வருவான். நாங்கள் கேள்வி கேட்டதில்லை. ஒரு நாள் அவன் புது ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை.

அவன் ஸ்கூட்டர் எங்கள் பஸ்ஸின் வயிற்றிலிருந்து பிறந்தது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். ஆனால் அரிசிக் கடையில் அரிசியைக் கடித்துப் பார்த்து வாங்குகிறவள். "இனிமே சாமான் நானே வாங்கித் தரேன், நீ மாட்டிக் கொடு" என்று சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வாங்கு அண்ணி. பதினஞ்சு டபிள்யூ நாப்பதுன்னு ஆயிலோட நம்பர் கேன் மேல போட்டுக்கும். அத்த பாத்து வாங்கு. தங்கக் கலர்ல லேபிள் ஒட்டி ஒண்ணு வெச்சிருப்பான், புது வண்டிக்கு போடறதுன்னு சொல்லுவான். மயங்கிடாத. நம்ம இன்ஜினுக்கு அதோட புக்குல இன்னா போட்டுக்கீதோ அதான்."

"பில்டர்?"

"மூடி மேல சுத்தி இருக்கிற ரப்பர அமுக்கிப் பாரு. மெத்துனு உள்ள போய் திரும்பி வரணும். கல்லு மாதிரி இருந்தா வேணான்னுடு. உள்ள காகித மடிப்பு ஒரே சீரா இருக்கணும். உம் பொடவைல கொசுவம் வெப்பியே, அந்த மாதிரி."

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறானே, எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன்.

விபூதி மணக்கிற கடை

எங்கள் யாத்திரைக்கு வரும் ஒரு அம்மா சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கடையைச் சொன்னார். "கடைக்காரர் செருப்பு போட்டுக்கூட கடைக்குள்ள நடக்க மாட்டார். அவ்வளவு பக்தி" என்றார்.

போய்ப் பார்த்தேன். உண்மைதான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குள் நுழைகிற மாதிரியே இல்லை. சுவர் முழுக்க சாமி படம். ஒவ்வொன்றுக்கும் முழம் பூ. கல்லாவுக்கு மேலே வெள்ளித் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி இட்டு, கழுத்தில் ஒற்றை ருத்திராட்சத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தாயி" என்றார். எனக்கு அங்கேயே பாதி மனசு இறங்கிவிட்டது.

நான் கேட்ட ஆயிலில் இரண்டு வெள்ளைக் கேன் எடுத்து வைத்தார். கேன் மேல் இருந்த ஸ்டிக்கரைத் தன் போனில் ஸ்கேன் செய்து காட்டினார். 'ஒரிஜினல்' என்று பச்சை எழுத்தில் வந்தது. பில்டர் டப்பாவையும் வைத்தார். நான் ரப்பரை அமுக்கிப் பார்த்தேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது.

"புதுசும்மா. சூடு பட்டா இளகிடும்" என்றார்.

கிளம்பும்போது ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தில் விபூதி கொடுத்தார். "எங்க குலதெய்வத்துக்கு அபிஷேகம் பண்ணினது. வண்டியில வையுங்க."

அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஊத்தினதும் காலி கேனைத் தூக்கிப் போட்டுடாதீங்க தாயி. பிரதோஷத்துக்குக் கோயில் கோயிலா விளக்குக்கு எண்ணெய் கொடுக்கிறோம். சோடா போட்டு வெந்நீர்ல கழுவி அதுலதான் ஊத்திக் கொடுக்கறது. மூடியோட கொண்டு வந்தீங்கன்னா உங்களுக்கும் புண்ணியம்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், இந்த மாதிரி ஒரு மனிதரிடம் இத்தனை நாள் வராமல் போனோமே என்று வருத்தப்பட்டேன்.

மறைவாக ஒரு பொட்டு

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். புதுசாக எது வந்தாலும் மஞ்சள் பொட்டு வைக்காமல் தொட மாட்டேன். குக்கர், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, எதுவானாலும் சரி. மஞ்சளைக் குழைத்து மூன்று பொட்டு வரிசையாக வைப்பேன். நடுப் பொட்டில் மட்டும் குங்குமம்.

ஒரு முறை புது டிவிக்குத் திரையிலேயே பொட்டு வைத்துவிட்டேன். அது பழுதானபோது, மஞ்சள் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது, வாரண்டி கிடையாது என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து வீட்டுக்காரர் ஒரு சட்டம் போட்டார்.

"வை. வேணாம்னு சொல்லலை. வெளியே தெரியாத இடமாப் பார்த்து வை."

அதனால் ஆயில் கேனுக்குக் கைப்பிடியின் உள்பக்கத்தில் வைத்தேன். கையை விட்டுத் தூக்கினால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. சாமிக்குத் தெரியும்.

குத்த வேண்டாம்

எத்திராஜ் எப்போது ஆயில் ஊற்றி முடித்தாலும், பழக்கமாக ஒரு காரியம் செய்வான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் காலி கேனின் வயிற்றில் ஓங்கி ஒரு குத்து. பழைய பில்டரையும் சுத்தியலால் நசுக்குவான்.

அன்றைக்கு அந்த இரண்டு கேனையும் ஊற்றிவிட்டு அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் நான் கேனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"குத்தாதே. கோயிலுக்குப் போகுது."

"ஆயில் கேனு இன்னாத்துக்கு கோயிலுக்கு போவுது?"

சொன்னேன். அவன் ஸ்க்ரூ டிரைவரைக் காதருகே கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டான்.

"காலி கேன குத்தாம வெளிய வுடக் கூடாது அண்ணி. எங்க வேலையில அது வழக்கம். எவன் கைக்கோ போவும்."

"சாமி காரியத்துக்குப் போறதைத் தடுக்காதே எத்திராஜ்."

"சரி, அப்ப சாமி பாத்துக்கட்டும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கோயில் பக்கமே போகாதவனுக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்று நினைத்தேன். அந்த வாரமே இரண்டு கேனையும் துடைத்து, மூடி போட்டு, பையில் வைத்துக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் மாமண்டூரில் முள் படுத்தது.

எத்திராஜைக் கூப்பிட்டோம். அவன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். நுனியில் இருந்த ஆயிலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். முகர்ந்தான். விரலை விரித்து மறுபடியும் தேய்த்தான்.

"ஆயில் தண்ணியா கீது. இன்ஜின் சூடாச்சுன்னா ரசம் மாதிரி ஓடிடும். ஒண்ணு ஆயில் தப்பு, இல்லாங்காட்டி உள்ள பேரிங் தேஞ்சிருக்கு. கீழ கழட்டிப் பாக்கணும்."

இதற்குத்தான் காத்திருந்தேன். சாமான் வாங்குகிற வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன் இல்லையா, இப்போது இன்ஜினைக் கழற்றி, போன காசை வேறு வழியில் பிடிக்கப் பார்க்கிறான். இல்லையென்றால் நான் வாங்கிக் கொடுத்த நல்ல ஆயிலை மாற்றிவிட்டு மட்டமானதை ஊற்றியிருக்கிறான்.

"ஒண்ணும் கழட்ட வேணாம். திரும்பப் புது ஆயில் வாங்கி வரேன். என் கண் முன்னால ஊத்து" என்றேன்.

"வேற கடையில வாங்கு அண்ணி. அது போதும்."

"கடையில தப்பு இருக்காது."

"மீனுக்கு செவுள தூக்கிப் பாத்து வாங்கற. கடைக்காரன் நெத்திய மட்டும் பாத்து வாங்கினு வர்ற."

பேச்சு வளரக் கூடாதென்று நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

மறுபடியும் முள்

அப்படித்தான் நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்த காலை வந்தது. அதே கடையில் இன்னும் ஒசத்தி என்று சொல்லிக் கொடுத்த புது ஆயில், புது பில்டர். சீல் என் காது கேட்க உடைந்தது. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. ஊற்றி முடித்ததும் எத்திராஜ் கேன்களைக் குத்தாமல் என் காலடியில் வைத்தான்.

"இந்தா, உங்க சாமிக்கு."

வண்டியைத் திருவான்மியூர் வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். எத்திராஜும் ஏறிக்கொண்டான். போகும்போது முள் நிமிர்ந்து நின்றது. நான் அவனைப் பார்த்தேன். அவன் ஜன்னலைப் பார்த்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் திருப்பி நிறுத்தினார் வீட்டுக்காரர். இன்ஜின் நல்ல சூடு. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முள் மெல்ல மெல்லச் சாய்ந்து படுத்தது. மருந்தீஸ்வரர் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்.

"அண்ணே, ஆஃப் பண்ணு" என்றான் எத்திராஜ்.

அடுத்த வாரம் ஆறுபடை வீட்டு யாத்திரை. பெண்கள் துணி எடுத்து வைக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தை யார் மேல் போடுவது என்று தெரியாதபோது பக்கத்தில் இருப்பவன் மேல்தானே போடுவோம்.

"நாளைக்கு வேற மெக்கானிக்கைப் பார்த்துக்கிறோம் எத்திராஜ்" என்றேன்.

வீட்டுக்காரர் முதல் முறையாகப் பேப்பர் இல்லாமல் முகத்தைத் திருப்பினார். எத்திராஜ் இறங்கி, சாலையைக் கடந்து, மயிலாப்பூர் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

அலமாரியில்

மறுநாள் காலை காலி கேன்களை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பில்டரில் ஏதாவது கோளாறா என்று கேட்கலாம் என்றுதான். கடைக்காரர் பூஜையில் இருந்தார். மணியாட்டி முடிக்கட்டும் என்று நின்றேன்.

கை சும்மா இருக்காது எனக்கு. பக்கத்து அலமாரியில் அடுக்கியிருந்த வெள்ளைக் கேன்களில் ஒன்றை நேராகத் தள்ளி வைக்கலாம் என்று கைப்பிடியைப் பிடித்தேன். விற்பனைக்கு வைத்த கேன். கனமாக இருந்தது. சீல் இருந்தது. பளபளவென்று ஸ்டிக்கர் இருந்தது.

திருப்பும்போது கைப்பிடியின் உள்பக்கம் தெரிந்தது.

மூன்று மஞ்சள் கறை. வரிசையாக. நடுவில் இருந்ததில் மட்டும் ஒரு மங்கின சிவப்பு.

வெள்ளைப் பிளாஸ்டிக்கில் மஞ்சள் பட்டால் எந்த சோடாவுக்கும் போகாது. சமையலறையில் புழங்குகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். ஆண்பிள்ளைகள் கழுவியிருக்கிறார்கள் போலும். வெளியில் தெரிகிற இடம் வரைக்கும்தான் தேய்த்திருக்கிறார்கள்.

 அந்தக் கேனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். விளக்கெரிக்கப் போன கேன் மறுபடியும் வயிறு நிறைந்து வந்திருக்கிறது.

சூடம்

"வாங்க தாயி. என்ன வேணும்?" என்றார் கடைக்காரர், தட்டோடு திரும்பி.

சண்டை போட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு வார்த்தை வந்தது.

"இந்த ஆயில் நல்லதுதானே ஐயா?"

"கம்பெனிச் சரக்கு தாயி. சீலைப் பாருங்க. போன்ல வேணா காட்டறேன்."

"போன் வேணாம். சூடம் எரியுதே, அதை அணைச்சு சொல்லுங்க. கலப்படம் இல்லேன்னு."

அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த ஒரு நொடியில் அவர் தயங்கியிருந்தால், கை நடுங்கியிருந்தால், நான் ஒருவேளை கேனை வைத்துவிட்டு வந்திருப்பேன். தப்பு செய்கிறவன், ஆனாலும் சாமிக்குப் பயப்படுகிறவன் என்று மன்னித்திருப்பேன்.

அவர் உள்ளங்கையை எரிகிற சூடத்தின் மேல் வைத்து அணைத்தார். "என் குலதெய்வம் சாட்சி. கலப்படம் இல்லை" என்றார். கை நடுங்கவில்லை. பழகின கை.

நான் கேனைத் திருப்பி, கைப்பிடியின் உள்பக்கம் அவருக்குத் தெரிகிற மாதிரி அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது நான் வெச்ச பொட்டு ஐயா. கோயிலுக்குன்னு உங்க கையில கொடுத்தேனே, அந்தக் கேன்."

பார்த்தார். 

"மஞ்சள் எல்லார் வீட்டுலயும் இருக்கும்மா" என்றார். தாயி போய்விட்டது.

"இருக்கும். இது என் வீட்டு மஞ்சள். என் கேனை நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

காலி கேன் பையையும் சேர்த்துத் தூக்கினேன். அவர் தடுக்கவில்லை. என் பின்னால் வந்தவரைப் பார்த்து "வாங்க சார்" என்றார். தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. புதுச் சூடம்.

ஒரு குத்து

எத்திராஜ் வீடு மந்தைவெளியில். அவனே கதவைத் திறந்தான். நான் கேனைத் தரையில் வைத்துக் கைப்பிடியைக் காட்டினேன். அவனுக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூடியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்தான். அதே ஆயில்.

"டப்பா ஒரிஜினல்தான் அண்ணி. அதுல ஒண்ணியும் டவுட்டு இல்ல" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலையே வேலையை ஆரம்பித்தான். கழற்றிய பில்டரை என் எதிரிலேயே அறுத்துக் காட்டினான். காகித மடிப்பு அங்கங்கே ஒட்டு விட்டு, அவிழ்ந்த கொசுவம் மாதிரி கிடந்தது. அடியில் கழற்றிப் பார்த்ததில் பேரிங்கில் கோடு விழுந்திருந்தது. உருகவில்லை. "இன்னும் ஒரு யாத்திரை போயிருந்தா அவ்ளோதான்" என்றான். பேரிங் மாற்றி, கம்பெனி டீலரிடமே நானும் அவனும் சேர்ந்து போய் ஆயிலும் பில்டரும் வாங்கி வந்து மாட்டினோம். அதற்கப்புறம் எவ்வளவு சூடானாலும் முள் சாயவில்லை. பெண்கள் ஆறுபடை வீட்டுக்கும் பாடிக்கொண்டே வந்தார்கள்.

புது ஆயிலை ஊற்றி முடித்ததும் எத்திராஜ் ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தான். காலி கேனின் வயிற்றில் நானே குத்தினேன். இரண்டு முறை குத்தினால்தான் இறங்கியது.

"அண்ணி," என்றான். "என்னியத்தான மொதல்ல சந்தேகப்பட்ட?"

"ஆமாம்."

"இப்போ?"

"ஸ்கூட்டர் எப்படி வாங்கினே?"

"எம் பொஞ்சாதி சீட்டு எடுத்தா, அண்ணி" என்று தலையில் அடித்துக்கொண்டான். வீட்டுக்காரர் பேப்பருக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கடையைப் பற்றி ஆயில் கம்பெனிக்குப் புகார் கொடுத்தோம். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். கடை இன்றைக்கும் இருக்கிறது. சாமி படங்களுக்கு இப்போது கலர் விளக்கு வேறு ஓடுகிறதாம்.

அந்த விபூதிப் பொட்டலம் மட்டும் எங்கள் பூஜை மாடத்தில் கொஞ்ச நாள் கிடந்தது. எறிய மனம் வரவில்லை. யார் கையால் வந்தாலும் விபூதி விபூதிதானே. ஒரு வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து அதைப் பிரித்தேன். ஒரு சிட்டிகை எடுத்தேன்.

நெற்றிக்குக் கொண்டு போவதற்கு முன்னால், என்னை அறியாமல், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன்.

அப்புறம்தான் இட்டுக்கொண்டேன்.